புளி போட்டுத் தேய்த்த பெயர்

சடையப்பர் மனைவியின் அஸ்தியைக் கரைக்க அந்த ஆற்றங்கரைக்கு வந்தவர். கரைத்தபின் ஊர் திரும்ப மனமில்லை. அங்கே குடில் போட்டுத் தங்கியிருந்த குருவிடம் சீடராகச் சேர்ந்துவிட்டார். குருவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. அதைப் பற்றி இருவருமே கவலைப்படவில்லை.

அஸ்தி கரைத்த துறைக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புப் பாறை இருந்தது. சடையப்பர் உளி வாங்கிவந்து அதில் 'செங்கமலம்' என்று வெட்டினார். வெள்ளிக்கிழமைதோறும், வீட்டில் அவள் குத்துவிளக்கைத் தேய்த்த மாதிரியே, புளியும் தேங்காய் நாரும் போட்டு அந்தப் பெயரைத் தேய்த்துக் கழுவுவார். அப்போது பாறையோடு பேசுகிறார் என்று மற்ற சீடர்கள் சிரிப்பார்கள். பேசினால்தான் என்ன?

ஆண்டுகள் போயின. எழுத்துகள் மழுங்கின.

"சாமி, மழை அவ பேரைத் தின்னுது. மேல ஒரு பந்தல் போட்டுக்கட்டுமா?"

"போடுங்க" என்றார் குரு.

தென்னங்கீற்றில் பந்தல் போட்டார். அதன்பின் பெயர்மேல் ஒரு சொட்டு மழை விழவில்லை. ஆனாலும் தேய்வது நிற்கவில்லை. கடைசியில் எது கொம்பு, எது புள்ளி என்றே தெரியாமல் போய்விட்டது.

சடையப்பர் குருவின் முன்னால் உட்கார்ந்து அழுதார். "அவ இருந்தாங்கிறதுக்கு அந்த ஒரு பேருதான் சாமி மிச்சம். அதுவும் போகுதே!"

குரு எழுந்து அவரைப் பாறைக்கு அழைத்துப் போனார். பந்தலுக்கு வெளியே, பாறையின் மறுபக்கத்தில் படிந்திருந்த பாசியை விரலால் வழித்தார். அடியில் 'செ' என்று ஓர் எழுத்து தெரிந்தது. ஓரம் சற்றுத் தேய்ந்திருந்தது, ஆனால் படிக்க முடிந்தது.

"இது யார் வெட்டினது?"

"நான்தான். முதல்ல வெட்டிப் பழகினது."

"இங்கே மழை பெய்யலையா? வெயில் அடிக்கலையா?"

சடையப்பர் தன் கையைப் பார்த்தார். நகக்கண்களில் புளிக்கறை இருந்தது.

"ஐயோ, நானா?"

"புளிக்குப் பித்தளை பளபளக்கும். சுண்ணாம்புக் கல்லு கரையும்."

"இனிமே தொடவே மாட்டேன் சாமி. தள்ளி நின்னு பார்த்துக்கிறேன்."

"உங்களால முடியுமா?"

சடையப்பர் நகக்கறையை வேட்டியில் துடைத்துப் பார்த்தார்.

"முடியாது. வெள்ளிக்கிழமை வந்தா கை தானா போகுது. சும்மா இருந்தா அவ இல்லைன்னு தெரிஞ்சுபோகுது."

குரு பந்தலுக்குள் போய் உட்கார்ந்தார். பெயர் இருந்த இடத்தில் இப்போது ஒரு குழிவு இருந்தது. சடையப்பரின் வலது கையைப் பிடித்து அதில் வைத்தார். விரல்கள் இடம் தேடாமல் பொருந்தின.

"உங்க வீட்டம்மாவுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது சாமி. கைநாட்டுதான்."

"அப்போ அவங்க இந்தப் பக்கம் வந்தா, நீங்க வெட்டின எழுத்தை யாராவது படிச்சுச் சொல்லணும்" என்றார் குரு. "இதுக்கு யாரும் வேண்டாம். தொட்டதும் உங்க கைன்னு தெரிஞ்சுக்குவாங்க."