கிளிமூக்குப் பாக்குவெட்டிக்கு உறை செய்த கை

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எல்லையில் பகைவன் வந்து நின்றாலும் கொட்டாவி விடுவார். இடுப்பில் செருகிய கிளிமூக்குப் பாக்குவெட்டி கொஞ்சம் நழுவினால் பதறிப்போவார். பாட்டனார் கொடுத்தது. ராஜா கை தவிர வேறு கை பட்டால் ராஜ்யத்துக்கு ஆகாது என்று ஜோசியர் வேறு சொல்லித் தொலைத்திருந்தார்.

ஒருநாள் வேட்டையில் அது கீழே விழுந்துவிட்டது. ராஜா சபையைக் கூட்டி, "இதற்கு ஓர் உறை வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழக்கூடாது" என்றார்.

அரண்மனை விகடன் பூவலிங்கம், "தோல் வேலை செய்யும் கொம்பையாவைக் கூப்பிடலாம், மகாராஜா. கெட்டிக்காரன்" என்றான்.

பூவலிங்கத்தின் மேல் ராஜாவுக்குப் பிரியம். அதனாலேயே பிரதானி சோமேசருக்கு அவனைக் கண்டால் ஆகாது. "அப்படியே ஆகட்டும். ஆனால் வாரோ முடிச்சோ இருக்கக் கூடாது. அரசரின் பொருளைக் கொம்பையா தொடவும் கூடாது. மூன்று நாளில் முடியாவிட்டால் அவன் வலது கையை வெட்டிவிட வேண்டும்" என்றார். ராஜாவும் யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டார். பெரிய இடத்துத் தலையாட்டல் யார் கையில் போய் முடிகிறது, பாருங்கள்!

செய்தி கேட்ட கொம்பையா பூவலிங்கத்திடம் ஓடி வந்தான். "என்னய்யா இப்படி மாட்டி விட்டுட்டீங்க? தோலை ஊறவச்சு, ஈரத்தோட சாமான் மேல வச்சு அழுத்தணும். அப்படியே காஞ்சாத்தான் கவ்விக்கும். தொடாம எப்படி அழுத்த? இந்தக் கை போனா என் புள்ளைங்க கஞ்சிக்கு என்ன பண்ணும்?"

வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று பூவலிங்கத்துக்குத் தோன்றியது. "நீ தோலை மட்டும் ஊறப்போடு" என்றான்.

மறுநாள் காலை, தைத்து நனைத்த உறையோடு இருவரும் ராஜாவின் அந்தரங்க அறைக்குப் போனார்கள்.

"மகாராஜா, தங்கள் கை மட்டுமே படலாம் என்பது ஆணை. ஆகவே அழுத்த வேண்டியதும் தங்கள் கைதான்" என்றான் பூவலிங்கம்.

"அரசன் தோல் வேலை செய்வதா?" ராஜாவின் மீசை துடித்தது.

"ஆணையை மாற்றிவிடலாமே."

சொன்ன சொல்லை மாற்றி ராஜாவுக்குப் பழக்கமில்லை. முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். கொம்பையா தள்ளி நின்று, "மூக்குப் பக்கம் அழுத்துங்க சாமி... விட்றாதீங்க" என்று சொல்லச் சொல்ல, உச்சிப்பொழுது வரை பிடித்திருந்தார். பிறகு, "இது வெளியே தெரிந்தால் இருவர் தலையும் இருக்காது" என்றார். உறை அவர் அறையிலேயே நிழலில் காய்ந்தது.

மூன்றாம் நாள் சபையில் ராஜா உறையைக் கவிழ்த்தார். குலுக்கினார். பாக்குவெட்டி அசையவில்லை.

சோமேசர் விடுவாரா? எட்டிப் பார்த்து, "ஐயோ, கட்டைவிரல் பள்ளம்! அரசரின் இடுப்பில் இந்தக் கோணல் வேலையா? இதை அழுத்திய கையை வெட்டியே ஆக வேண்டும்!" என்று கத்தினார். காவலன் வாளை உருவினான். உண்மையைச் சொன்னால் கொம்பையாவுக்குத் தலை போகும், சொல்லாவிட்டால் கை போகும். ராஜாவோ மீசையைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

பூவலிங்கம் முன்னால் வந்தான். "பிரதானியார் சொல்வது நியாயம். அழுத்திய கையைத்தான் வெட்ட வேண்டும். எந்தக் கை என்று பார்த்துவிடுவோம்."

ராஜா பாக்குவெட்டியை உருவிக்கொண்டு வெறும் உறையை நீட்டினார். கொம்பையாவின் தடித்த விரல் பள்ளத்தில் அடங்கவில்லை. பூவலிங்கத்தின் விரலும் சேரவில்லை. சபையில் ஒவ்வொருவராக வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் எல்லார் கண்ணும் சிம்மாசனத்தில் போய் நின்றது.

ராஜா தன் கட்டைவிரலைப் பள்ளத்தில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. அடுத்த கணம் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"சோமேசரே, வலதா, இடதா? எதை வெட்டச் சொல்கிறீர்?"

சோமேசர் தலையைக் குனிந்துகொண்டு பின்வரிசைக்கு நகர்ந்தார். ராஜா பூவலிங்கத்தின் கழுத்தில் தம் முத்துமாலையைப் போட்டார். கொம்பையாவுக்குக் கொடுத்த பரிசை வாங்க அவனுக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.