காற்றுக்கு வந்த பயம்

முன்னாள் ஊராட்சித் தலைவர் வேலாண்டியின் பழைய காரில் ஏசி குளிரவில்லை. கேஸ் அடித்தாயிற்று, பெல்ட் மாற்றியாயிற்று, அனல்தான் வந்தது.

"நாளைக்குச் சம்பந்தியைக் கூட்டிட்டு வரணும். அதுக்குள்ள குளிரலேன்னா சாவியை வச்சிட்டுப் போயிரு!" என்று டிரைவர் செபஸ்தியானிடம் கத்தினார்.

செபஸ்தியான் காரின் முகத்தைப் பார்த்தார். 'முன்னாள் தலைவர்' என்று எழுதிய பெரிய போர்டு, முன்பக்கக் கிரில்லை முழுசாக மூடியிருந்தது. அதைக் கழற்றச் சொன்ன மெக்கானிக்கைத் தலைவர் நேற்றே விரட்டியிருந்தார்.

"தலைவரே, ஏசி நல்லாத்தான் இருக்கு. முன்னால காத்து புகுந்தாத்தான் உள்ள குளிரும். ஆனா உங்க பேரைத் தாண்டி வர காத்துக்கே பயமா இருக்கு."

தலைவர் மீசையைத் தடவினார். "அதுக்காகப் பேரைத் தூக்கிப் போட முடியுமாய்யா?"

"எதுக்குப் போடணும்? பின்னால மாட்டுவோம். எதிர்ல வர்றவன் ஒரு நொடிதான் பார்ப்பான். பின்னால வர்றவன் ஊர் வர்ற வரைக்கும் படிச்சாகணும்."

தலைவருக்கு அப்போதே உச்சி குளிர்ந்துவிட்டது. போர்டு இடம் மாறியதும் காரும் குளிர்ந்தது. மறுநாள் சம்பந்தி வழியெல்லாம் சுகமாகக் குறட்டை விட்டார்.

அன்றிலிருந்து அந்தக் கார் போனால் ஊரே, "பின்னால் தலைவர் போறாருடோய்!" என்று சிரிக்கிறது. தலைவர் காதில் விழுவதில்லை. ஏசி ஓடுகிறதே, கண்ணாடியெல்லாம் ஏற்றியிருக்கும்.