குஞ்சு கட்டிய சுவர்

வாசல் உண்டு, யாரும் நுழைய முடியாது. குழந்தை உண்டு, தொட்டில் கிடையாது. சுவரை எழுப்பியவர் சுவருக்கு உள்ளேயே இருப்பார். அது எந்த வீடு?

விடை தெரியாதவர்கள் மலைக்காட்டுக்குள் வாருங்கள். அதோ, உயரமான ஒரு மரம். அதன் நடுவில் ஒரு பொந்து. பொந்தின் வாயை மூடி ஒரு சுவர். சுவரில் அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல். அதுதான் இருவாச்சிப் பறவையின் வீடு.

உள்ளே அம்மா இருவாச்சியும் குஞ்சும் இருந்தன. அப்பா பழம் கொண்டுவந்து கீறல் வழியாக ஊட்டும். அந்த வருடம் மழை விடவே இல்லை. பழங்கள் அழுகி உதிர்ந்தன. அப்பா கொண்டுவந்தது குஞ்சின் பசிக்கே போதவில்லை.

ஒரு காலையில் அம்மா சொன்னது: "அப்பா ஒருத்தரால முடியல, கண்ணு. சுவரை உடைச்சுக்கிட்டு நானும் பழம் தேடப் போறேன். நீ உள்ளேயிருந்து அடைச்சிடு."

"நானா? எனக்கு அடைக்கத் தெரியாதே, அம்மா."

"பழச்சதையையும் உன் எச்சத்தையும் கலந்துக்கோ. அலகால மெல்லிசாப் பூசு. விழுந்தா மறுபடி பூசு."

"மறுபடியும் விழுந்தா?"

"மறுபடியும் பூசு. மரநாய் மோப்பம் பிடிச்சு வர்றதுக்குள்ள அடைஞ்சிருக்கணும்."

அம்மா சுவரை உடைத்து வெளியே வந்தது. இரண்டு அத்திப்பழங்களை உள்ளே போட்டுவிட்டுப் பறந்தது.

குஞ்சுக்கு ஒரே படபடப்பு. சீக்கிரம் அடைக்க வேண்டும் என்று ஒரு பழத்தை முழுதாகப் பிசைந்து, பெரிய உருண்டையாக அப்பியது. உருண்டை வழுக்கியது. கீழ்க்கிளையில் இருந்த மலையணிலின் வாலில் போய் விழுந்தது.

"எவன்டா அது, என் வால்ல அசிங்கம் பண்ணது?"

"மன்னிச்சுக்குங்க, அக்கா. அது எங்க வீட்டுச் சுவர்."

"சுவரா? மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் குடியிருப்பீங்க போல." அணில் வாலை மரத்தில் தேய்த்துக்கொண்டே மேலே வந்தது. "இதோட ஏன் மல்லுக்கட்டறே? எனக்கு இந்தக் காட்டுல நாலஞ்சு கூடு இருக்கு. ஒண்ணு ஆடினா அடுத்ததுக்குத் தாவிடுவேன்."

"எனக்குத் தாவ இறக்கை முளைக்கலையே, அக்கா."

அணில் பொந்துக்குள் எட்டிப் பார்த்தது. "அப்போ மிச்சப் பழத்தையாவது தின்னு. சுவரை உங்கம்மா வந்து பார்த்துப்பாங்க" என்றது. சட்டென்று மூக்கைத் தூக்கியது. கீழே பார்த்தது. "மரநாய். பொழுது இருட்டிக் கிடக்கறதால பகல்லயே கிளம்பிடுச்சு. நான் வர்றேன்." ஒரே தாவலில் அடுத்த மரத்துக்குப் போய்விட்டது.

 இருப்பது ஒரே பழம். வயிறு வேறு காந்தியது. குஞ்சு பழத்தைப் பார்த்தது, வாசலைப் பார்த்தது. பிறகு பழத்தைப் பிசையத் தொடங்கியது.

மெல்லிசாகப் பூசியது. பாதி வழிந்தது. வழிந்ததை அள்ளும்போது பொந்தின் தரையில் கிடந்த மரத்தூளும் சேர்ந்து வந்தது. அதையும் பூசியது. இந்த முறை ஒட்டியது. கீழே பட்டையில் நகம் பிறாண்டும் சத்தம் கேட்டது. குஞ்சு தூளைக் கலந்தது, பூசியது, அலகால் தட்டியது. சத்தம் பக்கத்தில் வந்தது. குஞ்சு பூசிக்கொண்டே இருந்தது.

கீறல் மட்டும் மிச்சம் இருந்தபோது வெளியே ஒரு குரல் கேட்டது.

"குட்டிப் பாப்பா, உங்கப்பா பழம் கொடுத்தனுப்பினாரு. கொஞ்சம் வழி விடு, உள்ளே வச்சுட்டுப் போறேன்."

"கீறல் வழியாக் கொடுங்க, மாமா" என்றது குஞ்சு. குரல் நடுங்கியது.

பழம் வரவில்லை. நகம்தான் வந்தது. குஞ்சு ஓங்கிக் கொத்தியது. மரநாய் காலை இழுத்தபோது ஈரச் சுவரில் ஒரு துண்டு பெயர்ந்தது. குஞ்சு அந்த இடத்தை அடைத்தது. மரநாய் இன்னொரு பக்கம் பிய்த்தது. குஞ்சு அங்கேயும் அடைத்தது. அது பிய்க்கப் பிய்க்க, இது பூசிக்கொண்டே இருந்தது.

"பறவையா இது, கொத்தனாரா?" என்று மரநாய் முணுமுணுத்தது.

அப்போது பெரிய இறக்கைகள் காற்றைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. அப்பாவும் அம்மாவும் மரநாயின் தலைக்கு மேல் பாய்ந்தன. மரநாய் வழுக்கிக்கொண்டே இறங்கி ஓடியது.

அம்மா கீறலில் கண்ணை வைத்துப் பார்த்தது. "ரொம்பப் பயந்துட்டியா, கண்ணு?"

"இப்பவும் பயமாத்தான் இருக்கு."

"நான் உள்ளேயே வந்துடட்டுமா? சுவரைக் கொஞ்சம் இடிச்சாப் போதும். பழத்துக்கு அப்பா மட்டும் போகட்டும்."

குஞ்சு அப்பாவின் முகத்தைப் பார்த்தது. மழையில் நனைந்து மெலிந்திருந்தது அந்த முகம்.

"வேண்டாம்மா. நீங்களும் போங்க."

அம்மா ஓர் அத்திப்பழத்தைக் கீறல் வழியாக நீட்டியது. குஞ்சு பாதியைத் தின்றது. மீதியைச் சுவரில் பூசியது.

பயம் போகட்டும் என்று காத்திருப்பவருக்கு அல்ல, நடுங்கிக்கொண்டே ஆனாலும் விடாமல் செய்பவருக்கே வேலை முடிகிறது.