வெயிலுமுத்து வீட்டுக் காம்பவுண்டு

கூழையூர்க்காரர்களுக்குப் புத்தி இல்லை என்று சொன்னால் அது பொய். இருக்கிறது, தாராளமாகவே இருக்கிறது. அதைச் செலவு பண்ண மனசு வராது, அவ்வளவுதான்.

அந்த ஊர் வெயிலுமுத்துவுக்குப் போன இடமெல்லாம் தட்டிப்போய், கடைசியில் செவந்திப்பட்டி மரகதவல்லி அமைந்தாள். அவளைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து குழம்பில் உப்பு இல்லாததுகூட அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் பெண்ணின் அப்பா சன்னாசி வீடு பார்க்க வந்த அன்று, கோயில் காளை நேரே அடுப்படிக்குப் போய் அவருக்கு வைத்திருந்த கேசரியைத் தின்றுவிட்டது.

"காம்பவுண்டு இல்லாத வீட்டுக்குப் பொண்ணை எப்படி அனுப்புறது மாப்பிள்ளை?" என்றார் அவர். "வெள்ளிக்கிழமை வர்றேன். காம்பவுண்டு இருந்தா பூ வைப்போம். இல்லேன்னா வேற இடம் பாத்துக்கிறேன்."

வெயிலுமுத்து உடனே கூட்டாளிகள் சொங்கப்பனையும் ஒச்சப்பனையும் கூப்பிட்டான். ஒச்சப்பன் திருப்பூரில் அரை நாள் வேலை பார்த்தவன் என்பதால் ஊரில் இங்கிலீஷ் அவன் பொறுப்பு.

"இங்கிலீசு லேசுடா. வேலைக்குப் பின்னால ஒரு 'ர்' போட்டா ஆளு வந்துருவான். பெயின்ட் அடிக்கிறவன் பெயின்டர். வெல்டிங் வைக்கிறவன் வெல்டர்."

"டெய்லர்?" என்றான் சொங்கப்பன்.

"டைல்ஸ் ஒட்டுறவன்."

"அப்ப துணி தைக்கிறவன்?"

"அவன் பொழைப்புக்காக அந்தப் பேரை வச்சுக்கிட்டான். அவனை விடு. காம்பவுண்டு கட்டுறவன் யாரு? கம்பவுண்டர்."

டாக்டர் சொல்லும் மருந்தைக் கலக்கிக் கொடுப்பவர்தான் கம்பவுண்டர் என்று அவர்களுக்கு யார் சொல்வது? விசாரித்துக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார்கள். அங்கே கம்பவுண்டர் ஞானசிகாமணி தனியாக உட்கார்ந்து குப்பி கழுவிக்கொண்டிருந்தார்.

"நீங்க கட்டுவீங்களா?" என்றான் வெயிலுமுத்து.

"காயம்னா கட்டுவேன். மத்தபடி கலக்கிக் குடுக்கிறதுதான் என் வேலை."

"கலவை போடுற ஆளுதான்டா," என்று ஒச்சப்பன் காதைக் கடித்தான்.

"என்னப்பா தொந்தரவு?"

"நாலு பக்கமும் தொறந்து கெடக்குங்க. காளை உள்ள வந்துட்டுப் போகுது."

"எத்தனை நாளா?"

"வீடு கட்டுனதிலிருந்தே."

கம்பவுண்டர் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பாவம், பையன் தூங்கி நாளாகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ஒரு டப்பா மாத்திரையும் ஒரு பாட்டில் இனிப்பு மருந்தும் கொடுத்தார்.

"ராத்திரிக்கு ஒண்ணு போடு. எல்லாத்தையும் ஒரே நாள்ல போட்டுடாதே."

வெளியே வந்ததும் சொங்கப்பன் டப்பாவைக் குலுக்கிப் பார்த்தான். "கல்லு ரொம்பச் சின்னதா இருக்கே?"

"டவுன் கல்லு அப்படித்தான். வளரும்," என்றான் ஒச்சப்பன்.

வெள்ளிக்கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான் பாக்கி. நாளுக்கு ஒரு கல் போட்டால் மரகதவல்லிக்குப் பேரன் பிறந்துவிடுவானே. அதனால் சாயங்காலமே அத்தனை மாத்திரையையும் வாசலில் வரிசையாகப் போட்டு, பாட்டில் மருந்தை ஊற்றிப் பூசிவிட்டு, மூன்று பேரும் படுத்துவிட்டார்கள். வாசனை பிடித்துக்கொண்டு வந்த காளை அஸ்திவாரத்தை ஒன்று விடாமல் நக்கித் தின்று, வாசலை அடைத்தாற்போல் குறுக்கே விழுந்து தூங்கியது.

விடிந்ததும் சன்னாசி வந்தார். வெயிலுமுத்து கதவைத் திறந்தான். நேற்று இல்லாத ஏதோ ஒன்று வாசலில் கிடந்தது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வளந்துருச்சு மாமா."

சன்னாசி குனிந்து தடவிப் பார்த்தார். செவந்திப்பட்டி கூழையூருக்குப் பக்கத்து ஊர்தான். இரண்டுக்கும் ஒரே குளத்துத் தண்ணி.

"நல்ல வழுவழுப்பாப் பூசியிருக்கீங்க. ஆனா வெதுவெதுன்னு இருக்கே?"

"இன்னும் காயலை மாமா."

"அப்ப தண்ணி விடாம என்ன பண்றீங்க? புதுச் சுவரு வெடிச்சுடாது?"

வெயிலுமுத்து ஓடிப்போய் ஒரு அண்டா தண்ணியைக் கொண்டுவந்து தலையோடு ஊற்றினான். காளை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றது.

சன்னாசி பூத்தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பெருமையாகச் சொன்னார்: "தண்ணி விட்டதும் சுவரு எப்படி எழும்புது பாத்தீங்களா மாப்பிள்ளை!"