பன்னிரண்டு பேருக்கான அரிசி

பொன்னையா ஆசாரி மடத்துக்கு வந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. ஐம்பத்தாறு வயதில் சீடராகச் சேர்ந்தவர். குரு மங்கையம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. பார்த்தவர்கள் சிரித்தார்கள். ஆசாரி அதைக் காதில் வாங்கும் நிலையில் இல்லை.

மடத்தின் பின்புறம் ஒரு பழைய குருவின் சமாதி உண்டு. அதைத் துடைத்து விளக்கேற்றும் வேலையை அவராகவே எடுத்துக்கொண்டார். அங்கே உட்கார்ந்தால்தான் நெஞ்சு கொஞ்சம் அடங்குகிறது என்பார்.

மூன்று நாளாக அவர் சாப்பிட வரவில்லை. நான்காம் நாள் காலை குருவே தேடிப் போனார். ஆசாரி சமாதிக்கு முன்னால் வடக்குப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆசாரியாரே, விரதமா?"

"இல்லம்மா. இப்படியே போயிடலாம்னு இருக்கேன். அந்தக் காலத்துல ராஜாக்களே வடக்கிருந்து உசிரை விட்டாங்களாமே. எனக்கும் உத்தரவு குடுங்க."

குரு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"வந்த நாள்லேருந்து நான் எதுவும் கேக்கலே. இப்பக் கேக்கறேன். என்ன நடந்துச்சு?"

"எம் பொண்டாட்டி செண்பகத்துக்கு மறதி நோய். கதவு திறந்திருந்தா ரோட்டுக்குப் போயிருவா. லாரி போற ரோடு. அதனால வேலைக்குப் போறப்ப வெளிப்பக்கம் நாதாங்கி போட்டுட்டுப் போவேன். ஒரு நாள் நான் வர்றதுக்குள்ள வீடு பத்திக்கிச்சு."

ஆசாரி தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"ஊர்ல ஒருத்தர்கூட என்னைத் திட்டலம்மா. பாசத்துல பூட்டினான்னு சொன்னாங்க. அதைத்தான் தாங்க முடியலே. கதவோட உள்பக்கம் அவ நகம் கீறின தடம் இருந்துச்சு. நான் இழைச்ச பலகை."

குரு சமாதியின் பக்கம் திரும்பினார்.

"இந்தச் சமாதியில இருக்கறவர் யாருன்னு தெரியுமா?" என்றார் குரு.

"பெரிய மகான்னு சொன்னாங்க. பஞ்சத்துல ஊருக்கே சோறு போட்டவராம்."

"அது பாதிக் கதை. மீதியை அவரே ஏட்டுல எழுதி வெச்சிருக்கார். குருவா வர்றவங்க மட்டும்தான் அதைப் படிப்போம். இன்னிக்கு உங்களுக்குச் சொல்றேன்."

சொன்னார்.

தாது வருஷத்துப் பஞ்சம். மடத்தில் அந்த மகானோடு சேர்த்துப் பன்னிரண்டு பேர். அவர்களுக்கு மட்டுமே காணும் அளவுக்கு அரிசி. சாப்பிடுவதற்கு முன் குரு வாசலில் நின்று, 'பசித்தவர் உண்டா?' என்று மூன்று முறை கூவ வேண்டும் என்பது மடத்தின் வழக்கம். பதில் வராவிட்டால்தான் இலை போடலாம். வழக்கத்தைக் கைவிடவும் அவருக்கு மனசில்லை, அரிசியைப் பங்கிடவும் மனசில்லை. கதவைத் தாழிட்டுக்கொண்டு, உள்ளே நின்று, மெல்லிய குரலில் மூன்று முறை கேட்டார். பதில் வரவில்லை. இலை போட்டார்கள். ஆறு நாள் அப்படிச் சாப்பிட்டார்கள். ஏழாம் நாள் காலை கதவைத் திறந்தார். கதவில் சாய்ந்திருந்தவர்கள் அவர் காலடியில் சரிந்து விழுந்தார்கள். ஒன்பது பேர். ஒருவருக்கும் உயிரில்லை. அதில் ஒரு குழந்தை. அதன் வாய் நிறைய வாசல் மண்.

ஆசாரி எழுந்துவிட்டார்.

"இந்தப் பாவிக்கா நாப்பது நாள் விளக்கேத்தினேன்?"

"ஆமா."

"தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தீங்களா?"

"ஆமா."

நெற்றியிலிருந்த திருநீற்றைப் புறங்கையால் அழித்தார். "இவர் அன்னிக்கே செத்திருக்கணும்!" என்று கத்தினார்.

கத்திய பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. மறுபடி உட்கார்ந்தார்.

"அவரும் அதேதான் எழுதியிருக்கார்," என்றார் குரு. "அதுக்கப்புறம் முப்பத்தோரு வருஷம் இருந்தார்."

"மனசு ஆறிடுச்சா அவருக்கு?"

"ஆறினதா ஏட்டுல இல்லை."

"அப்புறம் எப்படிம்மா இருந்தார்? அந்தக் காலையில, அந்த வாசல்ல நின்னுக்கிட்டு, என்னதான் செஞ்சார்?"

"ஒன்பது பேரையும் அடக்கம் பண்ணிட்டுத் தானும் போயிடறதுன்னு முடிவு பண்ணி, தூக்க ஆள் தேடித் தெருவைப் பார்த்தார். அங்கே பத்தாவதா ஒருத்தி உட்கார்ந்திருந்தா, உசிரோட. உலை வைக்க உள்ளே போயிட்டார்."