ஏழுவரி ஆமை ஓட்டைக் கொடுத்த கதை

அந்தக் காலத்தில் ஆமைகள் பேசும். பேசுவது மட்டுமா, சட்டை மாதிரி ஓட்டைக் கழற்றி மாட்டும். அப்போது உலகன் என்றொரு ஓடாவி கடற்கரையில் இருந்தான். ஊருக்கெல்லாம் படகு கட்டிக் கொடுத்தவனுக்குச் சொந்தமாக இருந்ததோ ஓர் உளுத்துப்போன வள்ளம்.

ஒருநாள் அதில் மனைவி பூவாயியோடு தீவிலிருந்து திரும்பினான். நடுக்கடலில் அடிப்பலகை பெயர்ந்து தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. பூவாயிக்கு நீச்சல் தெரியாது. உலகன் பதறிப்போனான். பக்கத்தில் மிதந்த பெரிய ஆமை அதைப் பார்த்தது.

"ஓடாவியாரே, என் ஓட்டை வச்சு அடைங்க. கரைக்குப் போனதும் தந்திரணும். ஓடில்லாட்டி அலை என்னைப் புரட்டிப் போட்டுக் கொன்னுடும்."

"என் பொஞ்சாதி மேல சத்தியம், ஆத்தா!"

ஓட்டைப் பொருத்தி, வள்ளத்தில் இருந்த குங்கிலியப் பிசினை இடுக்கெல்லாம் அப்பிக் கரை சேர்ந்தான். ஆமையும் தட்டுத்தடுமாறிப் பின்னால் வந்தது. ஆனால் அதற்குள் குங்கிலியம் கல்லாக இறுகிவிட்டது. உளி வைத்துத் தட்டினான். ஓடு துண்டு துண்டாக உடைந்தது. மணலில் கிடந்த ஆமை அந்தத் துண்டுகளையே பார்த்தது. உலகன் வெட்கத்தில் தலை குனிந்தான்.

அவன் கொட்டகையில் ஒரு நல்ல ஏரா மரம் இருந்தது. படகின் அடியில் நீளவாக்கில் ஓடி, அதை அலையில் நேராகப் போகவைப்பது ஏராதான். என்றாவது தனக்கென்று ஒரு படகு கட்டவேண்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தான்.

"அதை எடுங்க," என்றாள் பூவாயி.

"அப்புறம் நமக்குப் படகு?"

"சத்தியம் பண்ணினது என் மேலதானே? நான் பிழைச்சுக் கரையில நிக்கிறேன். அது கடல்ல பிழைக்க வேணாமா?"

உலகன் மரத்தை ஏழாக வகிர்ந்தான். ஓடாவிகள் பழுது பார்க்கப் படகைக் கவிழ்த்துத்தான் போடுவார்கள். மேலே தெரிவதெல்லாம் அவர்களுக்கு அடிப்பக்கம். குனிந்த தலை நிமிராமல் ஏழு துண்டையும் ஆமையின் தோலுக்கடியில் வரிசையாகப் பொருத்தி முடித்தான்.

"அட மனுஷா! ஏரா வயித்துப் பக்கம்ல இருக்கணும்? முதுகுல வச்சிருக்கீங்களே!" என்றாள் பூவாயி.

உலகன் தலையில் அடித்துக்கொண்டு உளியைத் தேடினான்.

"வேணாம் ஓடாவியாரே," என்றது ஆமை அவசரமாக. "உங்க உளியைப் பார்த்தது போதும். இப்படியே இருக்கட்டும்."

பயந்து பயந்துதான் அலையில் இறங்கியது. அலை புரட்டவில்லை. நூல் பிடித்த மாதிரி நேராக ஆழத்துக்குப் போனது. உலகன் அழுதுவிட்டான். அவன் கடைசிவரை சொந்தப் படகு கட்டவில்லை.

அன்று முதல்தான் ஏழுவரி ஆமைக்கு ஓடு இல்லை. வெறும் தோலும் முதுகில் ஏழு வரியும்தான். மற்ற ஆமைகளோ, அன்று முதல் யார் தலையிலடித்துச் சத்தியம் செய்தாலும் ஓட்டைக் கழற்றுவதில்லை.