அறுபட்ட சக்கரம்

கார்மேகம் தன் மனைவி பவளத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, கார் ஜாக்கியின் மேல் நின்றது. அவர் ஷெட்டில் குந்தி, ஓர் அலுமினியச் சக்கரத்தின் நடுத்துளையை அரத்தால் அராவிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கும் உங்க தேரு ஓடாதா?" என்றாள் பவளம். "நான் பஸ்லயே போறேன்."

"சாயங்காலம் ஓடிரும்" என்றார், தலை நிமிராமல்.

பஸ்ஸிலேயே அவளுக்கு நெஞ்சுவலி வந்தது.

அந்தச் சக்கரங்களைப் பழைய சாமான் சந்தையில் பார்த்து ஆசைப்பட்டவள் அவள்தான். வாங்கி வந்த பிறகுதான் தெரிந்தது, நடுத்துளை சிறிது. காரின் அச்சு முனையிலுள்ள ஹப்பில் உட்காரவில்லை.

பதினாறாம் நாள் முடிந்ததும் கார்மேகம், லேத் பட்டறை நடத்தும் லூர்துவிடம் போனார். அவள் அவரைவிட மிகவும் இளையவள்.

"வேலை கத்துக்கணும்."

"இந்த வயசுலயாண்ணே? சக்கரத்தைக் குடுங்க, நானே கடைஞ்சு தர்றேன்."

"என் கையாலதான் கடையணும்."

அவர் அராவிய சக்கரத்தை லூர்து லேத்தில் மாட்டிச் சுற்றவிட்டாள். துளை கோணலாக ஆடியது.

"வட்டம் இல்லண்ணே, இது கொழுக்கட்டை" என்றாள்.

அவர் கற்றுக்கொண்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் கடையவும், கடைவதற்கு முன் அளக்கவும், கடைந்த பின் மறுபடி அளக்கவும். ஒருநாள் நான்கு சக்கரங்களும் தயாராயின.

"மாட்டிரலாமா லூர்தம்மா?"

அவள் ஒரு துணியை எடுத்தாள். சக்கரங்களில் மண்ணெண்ணெய் தடவினாள். துடைத்துக் காயவைத்தாள். சாக்பீஸ் பொடியைத் தூவினாள்.

காத்திருந்தார்கள்.

ஒரு சக்கரத்தில், போல்ட் துளையோரம், வெள்ளைப் பொடியில் மெல்லிய ஈரக்கோடு ஒன்று எழுந்தது.

"சரியாத் துடைக்கல நீ" என்றார்.

"நீங்களே துடைங்க."

அழுத்தித் துடைத்தார். பொடி தூவினார். கோடு அதே இடத்தில் வந்தது.

"விரிசல். உள்ள போன எண்ணெய் வெளிய கசியுது" என்றாள் லூர்து.

"வெல்டிங் வெச்சிரலாம்."

"வெக்கலாம். பாக்க நல்லாத்தான் இருக்கும். சூடு பட்ட எடத்துல பலம் போயிரும்."

"மெதுவா ஓட்டுறேன். நான் ஒருத்தன்தானே. போனாப் போகுது."

"எதிர்ல வர்றவங்க?"

கார்மேகம் அந்தக் கோட்டை விரலால் தடவினார்.

"அவ ஆசைப்பட்டது, லூர்தம்மா."

லூர்து ரம்பத்தை எடுத்து அவர் முன் வைத்தாள். உதவாத சக்கரம் அவள் பட்டறையை விட்டு முழுசாக வெளியே போகாது. போனால் யாராவது பாலிஷ் போட்டு விற்றுவிடுவார்கள்.

"நீயே அறுத்திரேன்."

"உங்க வீட்டுச் சக்கரம்ண்ணே."

அவர் அறுத்தார். பல்லில் அலுமினியம் அப்பிக்கொண்டு ரம்பம் திக்கியபோதெல்லாம் அவள் இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டாள். விளிம்பு துண்டானதும் நிறுத்தினார்.

"போதும். இனி எவனும் இதை மாட்ட மாட்டான்."

"நீங்க வெல்டிங் வெச்சு மாட்டுவீங்க."

சக்கரத்தைத் திருப்பி வைத்தார். பிறகு மீதியையும் அறுத்தார்.

கார் இப்போது பழைய இரும்புச் சக்கரங்களில் ஓடுகிறது. மற்ற மூன்று அலுமினியச் சக்கரங்களும் ஷெட்டில் இருக்கின்றன.